பூனைக்கு யாரும் ‘ங்க’ போடுவதில்லை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் லேபுக்கு ஒரு பல் செட் திரும்பி வந்தது. கீழ்வரிசை ஆடுகிறதாம், சாப்பிடும்போது கழன்று தட்டில் விழுகிறதாம். கழுவாமலே அனுப்பியிருந்தார்கள். இடுக்கில் யாரோ தின்ற ரொட்டி அப்படியே இருந்தது. பக்கத்து மேஜைப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வருஷக்கணக்காகப் பொய்ப்பல் செய்கிறவளுக்கு எச்சில் ஒரு பொருட்டா? குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன், போய்விட்டது.

சாயங்காலம் நடந்தது தேய்த்தும் போகவில்லை.

எங்கள் பேண்டின் முதல் ஆல்பத்துக்கு நாலாவது பாட்டு ரெக்கார்டிங். இடி என்று நாங்கள் கூப்பிடுகிறவன் கண்ணாடிக் கூண்டுக்குள் டிரம்ஸோடு. அண்ணன் கிட்டாரோடும் கவிஞர் மைக்கோடும் பெரிய அறையில். நான் கீபோர்டோடு மூலையில் இருக்கும் சின்ன அறையில். பின்குரல் பாட எனக்கும் ஒரு மைக். எல்லார் காதிலும் ஹெட்ஃபோன். முதல் டேக் முடிந்ததும் சித்தப்பா என் அறைக்குள் வந்தார். அந்த ஸ்டூடியோ அவருடையது. அவர் யாருக்கும் சித்தப்பா கிடையாது. இந்த ஊரில் கிட்டார் தூக்குகிற அத்தனை பேருக்கும் சித்தப்பா. ஹெட்ஃபோன் வயர் சிக்கியிருக்கு என்றார். கழுத்துக்குப் பின்னால் கை வைத்தார். வயர் அங்கே இல்லை. கை அங்கே நிற்கவும் இல்லை, இறங்கியது.

“கையை எடுங்க” என்றேன்.

கத்தவில்லை. பஸ்ஸில் சீட்டின் மேல் பை வைத்திருப்பவரிடம் ‘பையை எடுங்க’ என்போமே, அதே குரல். அவர் சிரித்தார். “அட, வயரைத்தாம்மா சரி பண்ணேன். ரெண்டாவது டேக் போலாமா?” என்றார்.

போனோம். நன்றாகவே வாசித்தேன். அதுதான் உறுத்துகிறது. விரல்கள் எனக்கு நடந்தது எதுவும் தெரியாத மாதிரி வாசித்தன.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன். சட்டையை வாளியில் ஊறப்போட்டேன். சட்டை என்ன செய்தது பாவம்.

மார்ச் 5, புதன்

தலைவலி என்று சொல்லிவிட்டேன். போகவில்லை.

மார்ச் 19, புதன்

இன்றைக்கு எல்லாப் பாட்டையும் உட்கார்ந்து கேட்கும் நாள். நான் லேபிலிருந்து போய்ச் சேரும்போது மற்றவர்கள் சோபாவில் இருந்தார்கள். நான் கதவோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

நாலாவது பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நிற்கும். அந்த நிசப்தத்தில் ஒரு குரல்: “கையை எடு.” அடுத்த நொடி டிரம்ஸ் இடிக்கிறது.

என் குரல்.

கவிஞர் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். எங்கள் பாட்டையெல்லாம் எழுதிப் பாடுகிறவர் அவர்தான். பெயர் அவரே வைத்துக்கொண்டது. “கேட்டியா தங்கச்சி? காலையில ட்ராக்கெல்லாம் கிளறிட்டு இருந்தேன், இது மாட்டுச்சு. உன் மைக் ஓப்பன்ல இருந்திருக்கு. எனக்கு மயிர் கூச்செறிஞ்சுடுச்சு. இதுதான் ஆல்பம் பேரு. கையை எடு!”

“யார்கிட்டடி சொன்னே?” என்று அண்ணன் சிரித்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா திரும்பினார். “பூனைகிட்டதான்டா. நம்ம குண்டு கீபோர்டு மேல ஏறிட்டான் அன்னிக்கு. இல்லையாம்மா?”

அந்த ‘இல்லையாம்மா’வில் அவர் கண் என்மேல் இருந்தது. குண்டு என்கிற அந்தப் பூனை சோபா முதுகில் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார்கள்.

கவிஞர் சொன்னார்: “பின்னாடி ‘ங்க’ன்னு ஒரு வால் இருந்துச்சு. வெட்டியாச்சு. அது இருந்தா பஞ்ச் இல்ல.”

நான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். வெளியே வந்தபோது அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையை எடு. கையை எடு. கையை எடு. சித்தப்பா தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, வியாழன்

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் வீட்டு மாடிப்படியில் வைத்து. சொல்லும்போது வார்த்தை சரியாக வரவில்லை. ‘அவர் கை’ என்றேன், ‘வயர்’ என்றேன், பாதி அவனே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புரிந்துகொண்டான். முகம் கறுத்தது. இப்போது ஏதாவது சொல்வான் என்று நின்றேன்.

“பூனைன்னுதானே நெனைச்சேன்” என்றான்.

அப்புறம் செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டே, “ஆல்பம் வரட்டும் குட்டி. அப்புறம் பேசிக்கலாம். இப்ப அவர்கிட்ட முறைச்சுக்கிட்டா எல்லாம் அவர் கையிலதானே இருக்கு?” என்றான்.

அவர் கையில்தான் இருக்கிறது. ஆமாம். அதைத்தானே நானும் சொல்ல வந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அட்டைப்படம் வந்துவிட்டது. கீபோர்டின் வெள்ளைக் கட்டைமேல் ஒரு பூனையின் பாதம். மேலே சிவப்பில் ‘கையை எடு’. அழகாக இருக்கிறது என்பதுதான் கொடுமை.

நகம்கூட வெட்டிச் சுத்தமாக இருக்கிறது பூனைக்கு.

மே 1, வியாழன்

ரேடியோ பேட்டி. நாலு பேரும் போனோம். பேட்டி எடுத்தவருக்குச் சின்ன வயசு, சிரித்த முகம். முதல் கேள்வியே, “கையை எடு... இந்தப் பேர் எப்படி வந்துச்சு?”

கவிஞர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பூனைக் கதையை ஆரம்பித்தார். அது நன்றாகத் தேறிவிட்டது. போன மாதம் பூனை சும்மா ஏறியது. இப்போது நான் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கும்போது பாய்ந்து ஏறி, தப்பான கட்டையில் கால் வைத்து, அதுவே பாட்டுக்கு அழகான சுரமாகிவிட்டதாம். பேட்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதோடு விட்டாரா? குரலைத் தாழ்த்தி, “ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம ஒவ்வொருத்தர் தோள் மேலயும் அதிகாரத்தோட கை ஒண்ணு இருக்கு. அதைப் பார்த்துச் சொல்றோம், கையை எடுன்னு” என்றார்.

அதிகாரத்தின் கை! தூ! அந்தக் கைக்கு ஒரு வெள்ளி மோதிரம் உண்டு, மூலையறையில் வயர் தேடும், ஐயா. உங்களுக்குத் தெரியாதா, தெரிந்துகொள்ள விருப்பமில்லையா?

“குரலுக்குச் சொந்தக்காரங்க என்ன சொல்றீங்க?” என்று பேட்டிக்காரர் என் பக்கம் மைக்கைத் திருப்பினார். அண்ணன் மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். மெதுவாகத்தான்.

“பூனை நல்லா இருக்கு” என்றேன்.

சீ.

மே 2, வெள்ளி

லேபில் எல்லாரும் என்னைப் பார்த்து ‘மியாவ்’ என்கிறார்கள். அன்பாகத்தான்.

மே 10, சனி

ஆல்பம் வந்தபின் முதல் நிகழ்ச்சி. இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்: நாலாவது பாட்டில் அந்தக் குரலை மேடையில் ஒலிக்கச் செய்வது யார்? கீபோர்டில் ஒரு கட்டைக்குள் ஏற்றி வைத்திருக்கிறார் சித்தப்பா. நான் அமுக்க வேண்டும். என் விரலால் என் குரலை.

வாத்தியங்கள் நின்றன. அமுக்கினேன். ‘கையை எடு.’ கூட்டம் முழுக்க அதைத் திருப்பிக் கத்தியது. ஆண்கள்தான் அதிகம் கத்தினார்கள், சிரித்துக்கொண்டு, ஒருத்தன் தோளில் ஒருத்தன் கை போட்டுக்கொண்டு. முன்வரிசையில் ஒருவன் தன் கூட வந்த பெண்ணின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் காதில் கத்தினான். அவள் சிரித்தாளா, நெளிந்தாளா, தெரியவில்லை.

சித்தப்பா கூட்டத்துக்கு நடுவில் மிக்ஸர் மேஜையில் நின்று எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சபாஷ் என்று.

எனக்கு என் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது. தப்பு என் கையில் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன?

மே 13, செவ்வாய்

இடி லேபுக்கு வந்தான். டிரம்ஸில் ஊரையே எழுப்புகிறவன், நேரில் வாயே திறக்க மாட்டான். வாசலில் நின்று ஹெல்மெட்டை உருட்டிக்கொண்டிருந்தான். “டீ குடிக்கலாமா?”

டீக்கடையில் பாதி டம்ளர் காலியான பிறகு சொன்னான்: “அன்னிக்கு எனக்கு ஹெட்ஃபோன்ல கேட்டுச்சு. ‘ங்க’வோட.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“எல்லாருக்குமே கேட்டிருக்கும். உன் மைக் எல்லார் காதுக்கும் வருதில்ல? அவர் சிரிச்சதும் கேட்டுச்சு. நீ ரெண்டாவது டேக் வாசிச்சே. சரி, ஒண்ணும் பெருசா இல்லபோலன்னு விட்டுட்டேன். நான்... எனக்கு அப்புறம் தூக்கமே இல்ல.”

“ஏன்டா சொல்லலே?”

ஹெல்மெட்டின் கண்ணாடியைத் திறந்தான், மூடினான்.

எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. மூன்று ஆம்பளைங்க, ஆறு காது. நான் யாருக்கும் தெரியாம ஒருத்தியா சுமக்கிறேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். எல்லார் காதிலும் நேரா விழுந்திருக்கு. விழுந்ததை வெட்டி, ஒட்டி, பேர் வச்சு, அட்டை போட்டு வித்தாச்சு. இப்ப யார்மேல அருவருப்பு வருதுன்னே எனக்குத் தெரியல. அந்தக் கிழவன்மேல வர்றதைவிட இவனுங்கமேல அதிகமா வருது.

மே 14, புதன்

லேப் முடிந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். கிட்டாருக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தான். அண்ணி ஷிஃப்ட் முடிந்து வந்து, ஆஸ்பத்திரி உடுப்பை மாற்றாமல் சோபாவில் காலை நீட்டியிருந்தாள்.

“பூனைன்னு நெனைச்சேன்னு சொன்னியே, ‘ங்க’ கேட்டப்புறமா நெனைச்சே?”

“என்னது?”

“பூனைக்கு யாராவது ‘ங்க’ போடுவாங்களா அண்ணா? குண்டு, தயவு செஞ்சு கையை எடுங்கன்னு?”

அவன் முறுக்கிக்கொண்டிருந்த தந்தி டங்கென்று அறுந்தது. விரலில் கீறியது போலும், வாயில் வைத்துக்கொண்டான். எடுக்கவே இல்லை. பேசாமல் இருக்க அது ஒரு சாக்கு.

அண்ணிக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “என்ன ‘ங்க’? யார் பூனை?” என்றாள். நான் சொல்லவில்லை. “உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க அண்ணி” என்று இறங்கி வந்துவிட்டேன்.

சின்ன வயசில் பக்கத்து வீட்டு நாய் என்மேல் பாய்ந்தபோது குறுக்கே விழுந்தவன் இவன். தொடையில் தழும்பு இன்னும் இருக்கிறது. நாய் என்றால் பாய்வான் போல. சித்தப்பா என்றால் தந்தி மாட்டுவான்.

மே 31, சனி

இரண்டாவது நிகழ்ச்சி. அமுக்கினேன். கத்தினார்கள்.

முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மேடையோரம் வந்தாள். வேறொரு பேண்டில் பாடுகிறவள். தலையில் எப்போதும் தொப்பி, அதனால் தொப்பிக்காரி. ஒன்றிரண்டு தடவை சிரித்திருக்கிறோம், அவ்வளவுதான் பழக்கம்.

“ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்கக்கூடாது.”

“கேளு.”

“அது பூனை இல்லதானே?”

நான் வயரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

“அந்த மூலை ரூம்லதான் நானும் போன வருஷம் பாடினேன்” என்றாள். “எனக்கும் வயர்தான் சிக்குச்சு. நான் ஒண்ணுமே சொல்லல. உங்க பாட்டை முதல் தடவை கேட்டப்ப, அந்தக் குரல் வந்ததும் நான் பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன். யாரோ சொல்லியிருக்காங்கன்னு தோணுச்சு. அப்புறம் ரேடியோல பூனைன்னீங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. ‘பூனை நல்லா இருக்கு’ என்றேனே, அதை இவள் கேட்டிருக்கிறாள்.

“பூனை இல்ல” என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை.

ஜூன் 14, சனி

சாயங்கால நிகழ்ச்சி முடிந்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெரிய திடல். இவ்வளவு கூட்டத்துக்கு நாங்கள் வாசித்ததே இல்லை. வெளிச்சம் இன்னும் போகவில்லை, அதனால் முகங்கள் தெரிந்தன. மிக்ஸர் மேஜை கூட்டத்தின் நடுவில், ஒரு சின்னக் கூடாரத்தில். சித்தப்பா வெள்ளைச் சட்டையில். எல்லார் மைக்கும் அவர் விரலடியில்.

முன்கூட்டி முடிவு செய்தேனா? இல்லை என்றே நினைக்கிறேன். நாலாவது பாட்டு ஆரம்பிக்கிறவரைக்கும் எனக்கே தெரியாது. வாத்தியங்கள் நின்றன. எல்லாரும் என் கட்டைக்காகக் காத்திருந்தார்கள். நான் அமுக்கவில்லை. கூட்டம் அசைந்தது. கவிஞர் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார்: ‘அமுக்கு.’

மைக்கை இழுத்துக்கொண்டேன்.

“சித்தப்பா, கையை எடுங்க.”

கொஞ்சப் பேர் சிரித்தார்கள், ஏதோ புது வேடிக்கை என்று.

“இதுதான் நான் சொன்னது. பூனைகிட்ட இல்ல. என் ஹெட்ஃபோன் வயரைச் சரி பண்ண வந்த ஆள்கிட்ட. மிக்ஸர்ல நிக்கிறாரே, வெள்ளைச் சட்டை, அவர்...”

என் மைக் செத்தது.

இரண்டு வார்த்தை தொண்டையிலிருந்து வெறுமனே போய்க் காற்றில் விழுந்தது. யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் மைக் செத்ததை எல்லாரும் கேட்டார்கள். திடல் முழுக்கத் தலைகள் திரும்பின, அலை மாதிரி, முன்வரிசையிலிருந்து நடுவுக்கு. கூடாரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் கை ஸ்விட்சின் மேலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார்.

எங்கேயோ பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: “எடுங்க!” தொப்பிக்காரியா? அவள் பிறகு ‘சத்தியமா நான் இல்ல’ என்றாள். அப்புறம் இன்னொரு குரல், வேறு பக்கத்திலிருந்து. சித்தப்பா சட்டென்று கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

கவிஞர் பாட்டைத் தொடரக் கைகாட்டினார். இடி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். அண்ணன் தலை குனிந்து தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தான், தனியாக, டிரம்ஸ் இல்லாமல், நாலைந்து சுரம். அப்புறம் அவனும் நின்றுவிட்டான்.

ஜூன் 15, ஞாயிறு

கவிஞர் போன் செய்தார். “நீ வலியோட பேசினே, புரியுது. ஆனா அது என் பாட்டு தங்கச்சி. என் பாட்டுக்கு நடுவுல பண்ணியிருக்க வேணாம்.”

“வெட்டிடுங்க. உங்களுக்கு வெட்டத் தெரியுமே” என்றேன்.

வைத்துவிட்டேன். பிறகு சிரித்தேன். பிறகு அழுதேன், அதை எழுதுவதற்கில்லை.

ஜூன் 18, புதன்

சித்தப்பா அறிக்கை விட்டிருக்கிறார். என்னைத் தன் மகள் மாதிரி நினைத்தாராம். பிள்ளைக்கு மனசு சரியில்லையாம், நலம் பெறப் பிரார்த்திக்கிறாராம். அதற்குக் கீழே எத்தனை பேர் அவரைத் தேற்றியிருக்கிறார்கள்! தங்கமான மனுஷராம். ‘அவ போட்டிருந்த டிரெஸ்ஸைப் பாருங்க’ என்று ஒருத்தன். அன்றைக்கு ஸ்டூடியோவில் லேப் கோட்டுதான் போட்டிருந்தேன், மடையா. மெழுகும் பிளாஸ்டர் மாவும் ஒட்டினது.

படிக்கப் படிக்க உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. ஆனால் நடுநடுவே வேறு குரல்கள். ‘எனக்கும் வயர்.’ ‘எனக்கு வயர் இல்ல, மைக் ஸ்டாண்டு.’ பெயர் இல்லாமல் இரண்டு பேர். பெயரோடு தொப்பிக்காரி.

சாயங்காலம் அண்ணி வந்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, “உங்க அண்ணன்கிட்ட நான் பேசறதில்ல. அது வேற கதை. நீ சாப்பிடு” என்றாள். சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 9, புதன்

ஆல்பத்தை மறுபடி போட்டிருக்கிறார்கள். பேண்டை விட்டு விலகும்போது என் குரலை எடுத்துவிடச் சொல்லியிருந்தேன். எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வேறு ஒரு பெண்ணைச் சொல்ல வைத்திருக்கிறார்கள். நன்றாக நடித்திருக்கிறாள். கோபம்கூட இருக்கிறது, எனக்கு அன்றைக்கு வராத கோபம்.

பெயர் அதேதான். பூனையும் அதேதான். முன்னைவிட அதிகமாக விற்கிறதாம், ‘சர்ச்சை’யால்.

சித்தப்பா ஸ்டூடியோவை மூடவில்லை. ஆனால் தொப்பிக்காரி சொல்கிறாள், அங்கே பெண்கள் யாரும் புக் செய்வதில்லையாம். ஆண்கள் பேண்டு சிலதும் வேறு இடம் பார்க்கிறதாம். போதுமா? போதாது. தினமும் காலையில் அந்தக் கிழவன் எழுந்து பல் தேய்த்துச் சட்டை போட்டு அந்தக் கதவைத் திறக்கிறான் என்று நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. அது மாறும் என்று தோன்றவில்லை. குமட்டலோடு லேபுக்குப் போகிறேன், பல் செய்கிறேன், வருகிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

லேப் முதலாளியம்மா பின்னறையைக் கொடுத்திருக்கிறார். பல் அச்சுக்கட்டிகள் அடுக்கி வைக்கிற அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் தொப்பிக்காரிக்கும் பாட்டு பழக. “சத்தத்துல என் பல்லெல்லாம் கீழ விழாம பாத்துக்கோங்க” என்றார், அவ்வளவுதான்.

இடி டிரம்ஸைப் பாதியாகக் குறைத்துக் கொண்டுவந்தான். அவனைச் சேர்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். தொப்பிக்காரிதான், “தாளத்துக்கு யாராவது வேணுமே, அவன் வாயை நாம கொஞ்சம் கொஞ்சமா திறப்போம்” என்றாள். சரி என்றேன். மன்னித்தேன் என்று எழுதமாட்டேன்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் அண்ணன். எப்போது வந்தானோ. கிட்டார் கொண்டுவரவில்லை. அண்ணி அனுப்பினாளா, தானே வந்தானா, கேட்கவில்லை.

“உள்ள வர்றதுன்னா வா. இல்லன்னா போ. அங்க நின்னு கேக்காதே” என்றேன்.

செருப்பைக் கழற்றினான். பிறகு உள்ளே வந்து, கதவருகில், அச்சுக்கட்டிப் பெட்டிமேல் உட்கார்ந்தான். “எனக்குக் கேட்டுச்சு குட்டி. அன்னிக்கே கேட்டுச்சு” என்றான். மற்ற இருவர் முன்னாலும் சொன்னான். போ என்று நான் சொல்லவில்லை.

இரண்டு பாட்டு தேறியிருக்கிறது. மூன்றாவது நொண்டுகிறது. நடுவில் தொப்பிக்காரி நிறுத்தி, “இதுக்கெல்லாம் என்ன பேர் வைக்கப் போறோம்?” என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“பேர் இப்ப வேணாம். மறுபடி மொதல்ல இருந்து” என்றேன்.

இடி குச்சிகளைத் தட்டினான்.